மேகசின் மக்கர் பண்ணினால்: அலுமினியமும் பாலிமரும், அறிகுறி வாரியாக

ரைஃபிள் நடுவில் நின்றுவிட்டால் எல்லாரும் ரைஃபிளைத்தான் பிரிக்கிறார்கள். தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்டைக் கழற்றி, சுட்ட உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரைக் குடைந்து, வாயு போகும் கேஸ் டியூபைத் துடைத்து, அரை நாள் போன பிறகு யாராவது ஒருத்தர் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியை, மாற்றிப் போட்டுப் பார்ப்பார், கடகடவென்று ஓடும். ராணுவத்தில் ஆர்மரராக (ஆயுதம் பழுதுபார்ப்பவராக) இருந்த காலத்திலும் சரி, பட்டாபிராமில் வீட்டைக் கட்டிக்கொண்டு சென்னையில் ஒரு ஷூட்டிங் கிளப்பின் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்கிற இத்தனை வருஷத்திலும் சரி, இதையேதான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால் எந்தக் கோளாறுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

இது என்.சி.சி. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உஸ்தாத்களுக்கு, கிளப்பில் 0.22 சுடுகிறவர்களுக்கு, கோத் (ஆயுத அறை) பொறுப்பில் இருக்கும் ஆயுதப்படைக்காரர்களுக்கு, அப்புறம் டல்லாஸில் இருக்கும் என் அக்கா மகனைப் போல வெளிநாட்டில் ஏ.ஆர்.-15 என்கிற 5.56 மி.மீ. ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு. இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை நான் காபி குடிக்கும் நேரம் அவனுக்குச் சனிக்கிழமை ராத்திரி. "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று போனை மேகசினுக்கு நேராகப் பிடிப்பான். 5.56 மி.மீ. ரைஃபிள் நம் நாட்டில் பொதுமக்கள் கைக்கு வராத ரகம், ஆனால் அலுமினியமா பாலிமரா (கெட்டிப் பிளாஸ்டிக்) என்கிற சண்டை அந்த ரைஃபிளைச் சுற்றித்தான் வளர்ந்தது என்பதால் பெரும்பாலும் அதை வைத்தே சொல்கிறேன், 0.22-க்குத் தனியாக வருகிறேன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கீழே வருகிற எல்லாமே இதிலிருந்துதான் கிளைவிடுகிறது. அலுமினியம் அடிபட்டால் நெளியும், அந்த நெளிவு அப்படியே நிற்கும், கண்ணுக்கும் தெரியும் விரலுக்கும் தெரியும். பாலிமர் அடிபட்டால் அமுங்கி எழுந்துகொள்ளும், ஒன்றுமே நடக்காதது போல நல்ல பிள்ளையாக இருக்கும். தாங்க முடியாமல் போகிற அன்றைக்கு விரிசல் விடும், அதுவும் லிப்பின் பின்மூலையில், கறுப்பின் மேல் கறுப்பாக, தேடினால்தான் தெரியும். லிப் என்றால் மேகசினின் வாயில் இரண்டு பக்கமும் உள்ளே மடிந்து தோட்டாவைப் பிடித்துக்கொண்டிருக்கும் விளிம்பு. ஃபாலோயர் என்றால் அடியிலிருந்து தோட்டாவைத் தூக்கிக்கொடுக்கும் தட்டு. இந்த இரண்டும் அவற்றுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கும்தான் மேகசினின் உயிர், மற்றதெல்லாம் கூடு.

கை வைப்பதற்கு முன்னால்

மேகசினைக் கழற்றுங்கள், போல்டைப் பின்னால் இழுத்து நிறுத்துங்கள், சேம்பரை (சுடும் தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டு விரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. சோதனைக்கு டம்மி ரவுண்ட் (மருந்து இல்லாத போலித் தோட்டா) மட்டும். அடித்தட்டைக் கழற்றும்போது கட்டைவிரலால் மூடிக்கொண்டு மெதுவாகத் தள்ளுங்கள், உள்ளே அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஒவ்வொரு மேகசினுக்கும் எண் போடுங்கள். அடித்தட்டில் வெள்ளை பெயின்ட் மார்க்கரால் ஒரு எண், பக்கத்தில் வாங்கிய மாதமும் வருஷமும். எண் இல்லையென்றால் "ஏதோ ஒரு மேகசின் ஜாம் ஆகிறது" என்று மட்டும்தான் சொல்ல முடியும், அதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. எண் இருந்தால் சோதனை சுலபம்: அதே ரைஃபிள், அதே தோட்டா, மேகசினை மட்டும் மாற்றுங்கள். கோளாறு மேகசினோடு போனால் மேகசின், ரைஃபிளோடு தங்கினால் ரைஃபிள். அடுத்து சந்தேகப்பட்ட மேகசினை இன்னொரு ரைஃபிளில் போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நிறைத்த மேகசின் பூட்டவில்லை, அல்லது பூட்டியது போலிருந்து கீழே விழுகிறது

போல்ட் மூடியிருக்கும்போது நிறைமேகசினை மாட்டினால், மேல் தோட்டா போல்டின் அடியில் முட்டும். அது கொஞ்சம் கீழே அமுங்க இடம் இருந்தால்தான் மேகசின் கேட்ச் (மேகசினைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) மேகசினின் பள்ளத்தில் விழும். பழைய அலுமினிய 30 தோட்டா மேகசினில் 30-ம் போட்டுவிட்டால் அந்த இடம் சுத்தமாக இருக்காது, அதனால்தான் பழைய ஆட்கள் 28-லேயே நிறுத்துவார்கள். மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கல்லு மாதிரி இருந்தால் ஒன்றோ இரண்டோ எடுத்துவிடுங்கள். மேக்புல் கம்பெனியின் பி-மேக் மாதிரியான பாலிமரில் 30 போட்ட பிறகும் கொஞ்சம் இடம் விட்டே வடிவமைத்திருக்கிறார்கள், அதனால் இந்தத் தொல்லை குறைவு.

மாட்டியவுடன் கீழே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பூட்டியிருந்தால் வராது. குறைவாக நிறைத்தும் வந்துவிட்டால் பள்ளத்தைப் பாருங்கள்: அலுமினியத்தில் பள்ளத்தின் ஓரம் நசுங்கி அகன்றிருக்கும், பாலிமரில் எஃகு கேட்ச் சீவிச் சீவி ஓரம் மழுங்கியிருக்கும். இரண்டுமே சரிபண்ணக் கூடியவை இல்லை.

போல்ட் திறந்திருக்கும்போது மேகசினை ஓங்கி அடித்து மாட்டுகிறவர்களும் உண்டு. அலுமினியம் தேவைக்கு மேல் ஏறி மாட்டிக்கொள்ளும். பி-மேக்கின் மூன்றாம் தலைமுறையில் இதற்காகவே முதுகில் ஒரு தடுப்பு வைத்தார்கள்.

காலி மேகசின் தானாக விழவில்லை

உடம்பு உப்பியிருக்கிறது அல்லது நெளிந்திருக்கிறது. அலுமினியத்தை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் பள்ளம் தெரிந்துவிடும், முதுகுப் பக்கம் வெல்டு பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பாலிமர் நிறைத்த நிலையில் பக்கவாட்டில் லேசாகப் புடைக்கும், எனவே காலியாகவும் நிறைத்தும் இரண்டு தடவை சோதியுங்கள். சில ரைஃபிள்களில் மேகசின் குழியே (மேகசின் நுழைகிற இடம்) இறுக்கமாக இருக்கும்: ஹெக்லர் அண்ட் காக் 416-இலும் பிரிட்டனின் எல்-85-இலும் பி-மேக்கின் இரண்டாம் தலைமுறை சரியாக உட்காரவில்லை, மூன்றாவதில்தான் அதைத் தீர்த்தார்கள். அப்படிப் பொருந்தாத ஒன்றை அரத்தால் தேய்த்துப் பொருத்தாதீர்கள்.

தோட்டா மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிறது

இதுதான் அதிகம் வருகிற கோளாறு, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

போல்ட் தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, தோட்டாவின் முனை மேலே ஏறி சேம்பருக்குள் போக வேண்டும். முனை கீழே தாழ்ந்திருந்தால் மேகசினின் முன்சுவரிலோ ஃபீட் ரேம்பிலோ (சேம்பருக்கு ஏற்றிவிடும் சரிவு) போய் முட்டி நிற்கும். அந்தத் தோட்டாவை எடுத்து முனையைப் பாருங்கள், செம்பில் ஒரு புதுக் கீறலோ நசுக்கலோ இருக்கும். அந்தத் தோட்டாவைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், குண்டு கேஸுக்குள் (தோட்டாவின் உறை) உள்வாங்கியிருந்தால் சுடும்போது அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும்.

முனை ஏன் தாழ்கிறது என்றால் ஃபாலோயர் சாய்கிறது. ஏன் சாய்கிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. ஏ.ஆர். ரைஃபிளின் மேகசின் குழி நேரானது, முதலில் வந்த 20 தோட்டா மேகசினுக்காகச் செய்தது. தோட்டாவோ அடியில் அகலம், நுனியில் ஒடுக்கம், அடுக்க அடுக்க வரிசை தானாக வளையும். 30 தோட்டா வேண்டும் என்று வந்தபோது கீழ்ப்பகுதியை வளைத்து, குழிக்குள் போகிற மேல்பகுதியை நேராகவே விட்டார்கள். ஆக ஃபாலோயர் மேலே வரும் வழியில் ஒரு திருப்பம். நம்ம ஊர்ப் பேருந்து சந்தில் திரும்புகிற மாதிரி, அந்த இடத்தில்தான் பழைய ஃபாலோயர் ஒரு பக்கம் சாய்ந்து மாட்டிக்கொள்ளும்.

அமெரிக்க ராணுவம் இந்தச் சாய்வை ஒழிக்க ஃபாலோயரைத் திரும்பத் திரும்ப மாற்றியது. நிறத்தைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம்: முதலில் கறுப்பு, அப்புறம் பச்சை, 2009-இல் மண்நிறம். 2007-இல் வந்த பி-மேக் இதை வேறு வழியில் தீர்த்தது. உள்சுவரின் வளைவை முடிந்தவரை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கொண்டுபோனார்கள், சாயாத ஃபாலோயரையும் போட்டார்கள். அமெரிக்க மரைன் படை 2016 டிசம்பரில் அதன் மூன்றாம் தலைமுறைக்கு அதிகாரபூர்வமாக அனுமதி கொடுத்ததற்கு இந்தச் சீரான ஊட்டம் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

சோதனை இதுதான். மேகசினைக் காலி செய்து, ஃபாலோயரின் முன்முனையை மட்டும் ஒரு விரலால் அழுத்துங்கள். முன்பக்கம் மட்டும் தலை குனிந்து, பின்பக்கம் மேலேயே நின்றால் அது சாய்கிற ஃபாலோயர். பிறகு நடுவில் அழுத்தி அடிவரை இறக்கி, மெதுவாக விடுங்கள், காதைப் பக்கத்தில் வையுங்கள். சுத்தமான மேகசினில் ஒரே சீரான ஸ்... என்று வந்து மேலே டக் என்று நிற்கும். வழியில் ஒரு இடத்தில் கரகரவென்று தேய்ந்தால் அங்கே உள்சுவர் நெளிந்திருக்கிறது அல்லது மண் இருக்கிறது. அலுமினியத்தில் கரகரப்பு வந்த இடத்துக்கு நேர் வெளியே ஒரு சின்னப் பள்ளம் கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும், பெருவிரலால் தடவினால் கிடைத்துவிடும்.

அலுமினியத்தில் ஃபாலோயரும் ஸ்பிரிங்கும் மட்டும் மாற்றினாலே பாதிக் கோளாறு தீரும், கூடு நேராக இருந்தால் இது நல்ல செலவு. கழற்றும் முன் ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டுவிட்டு, புது ஸ்பிரிங்கும் சரியில்லை என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிறைத்தே வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. நல்ல எஃகு ஸ்பிரிங் அழுத்தத்தில் சும்மா இருப்பதால் பெரிதாகத் தளராது, புதிதில் கொஞ்சம் குறுகி அங்கேயே நின்றுவிடும். அமுங்கி அமுங்கி எழுவதில்தான் தேய்கிறது. நிறைத்தே வைப்பதில் கவலைப்பட வேண்டியது பாலிமர் லிப்பைப் பற்றி, அடுத்து அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரே நேரத்தில் இரண்டு தோட்டா வருகிறது

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். சேம்பருக்குள் மாட்டியிருப்பது சுட்ட காலிக் கேஸா, சுடாத தோட்டாவா? காலிக் கேஸ் உள்ளேயே தங்கி, பின்னாலிருந்து புதுத் தோட்டா வந்து முட்டியிருந்தால் அது எக்ஸ்ட்ராக்டர் வேலை, மேகசினைத் திட்டாதீர்கள். இரண்டுமே சுடாத தோட்டா என்றால் மேகசின்தான், லிப் அகன்றுவிட்டது, ஒன்றை விட வேண்டிய இடத்தில் இரண்டை விடுகிறது.

அலுமினியத்தில் இது பெரும்பாலும் கீழே விழுந்ததால் வரும். நிறைமேகசின் வாய் கீழாக சிமென்ட் தரையில் விழுந்தால் உள்ளே இருக்கும் தோட்டாக்களின் கனமும் சேர்ந்து லிப்பை ஒரு பக்கமாகத் திறக்கும். நேராக வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு லிப்பும் ஒரே உயரத்தில், ஒரே வளைவில் இல்லை என்று தெரியும். ஒரு புது மேகசினைப் பக்கத்தில் வைத்து, இரண்டு லிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்கள். கொரடாவால் வளைத்து நேராக்கலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். அலுமினியம் ஒரு தடவை வளைந்த இடத்தில் திரும்ப வளைத்தால் அங்கேயே களைத்துவிடும், அடுத்த தடவை உடையும், அது எப்போது என்று உங்களால் சொல்ல முடியாது.

பாலிமரில் வேறு மாதிரி. போன வருஷம் அக்கா மகன் காட்டிய மேகசினையே சொல்கிறேன். 4-ம் எண், ஐந்து வருஷப் பழசு, நூறு தோட்டா ஒழுங்காக ஓடிவிட்டு எப்போதாவது ஒரு தடவை இரட்டையாக விடுகிறது. போனில் பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கிறது. "மாமா, ஒண்ணுமே தெரியலையே" என்றான். லிப்பைப் பின்மூலையில் நகத்தால் சுரண்டச் சொன்னேன், நகம் எங்கேயும் மாட்டவில்லை. அப்புறம் முகத்துக்குப் போடுகிற பவுடரை ஒரு சிட்டிகை அந்த இடத்தில் தேய்த்து, சட்டைத் துணியால் மேலாகத் துடைக்கச் சொன்னேன். துடைத்தான், பவுடர் போய்விட்டது, ஒரு தலைமுடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு மட்டும் போகவில்லை. முதுகுச் சுவரும் இடது லிப்பும் சேர்கிற மூலையில் தொடங்கி, கீழ்நோக்கி ஒரு நெல் நீளம். காலியாக இருக்கும்போது அந்த விரிசல் மூடிக்கொள்ளும், நிறைத்தால் வாய் திறக்கும், அதனால்தான் முதல் சில தோட்டாக்களில் மட்டும் கோளாறு வந்திருக்கிறது. கீழே ஒன்றும் போடவில்லை, அடிபடவும் இல்லை என்றான்; அப்புறம் யோசித்து, காரேஜ் படியில் ஒரு தடவை விழுந்ததைச் சொன்னான். எப்போது என்றால் இரண்டு வருஷத்துக்கு முன்.

எனவே பாலிமர் என்றால் பவுடர் சோதனையை நிறைத்த நிலையில் (டம்மி ரவுண்ட் போட்டு) செய்யுங்கள், காலியில் செய்து திருப்திப்படாதீர்கள். லிப் மேல் தொடர்ந்து அழுத்தம் இருந்தால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும், அதற்காகத்தான் பழைய பி-மேக் மூடியில் மேல் தோட்டாவைக் கொஞ்சம் கீழே அழுத்திப் பிடிக்கும்படி செய்திருந்தார்கள். நீண்ட நாள் நிறைத்து வைத்தால் அந்த மூடியைப் போட்டு வையுங்கள், தூசிக்கும் நல்லது. லான்சர் கம்பெனி மாதிரி சிலர் உடம்பைப் பாலிமரிலும் லிப்பை மட்டும் எஃகிலும் செய்கிறார்கள், எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடிக்கும்.

விரிசல் விட்ட பாலிமரை ஃபெவிகுவிக், எபாக்ஸி எது போட்டும் ஒட்டாதீர்கள். ஒட்டின இடம் நிற்கும், பக்கத்தில் விடும்.

போல்ட் வெறுமையாக மூடுகிறது, கடைசித் தோட்டா முடிந்தும் போல்ட் பின்னால் நிற்கவில்லை

இரண்டும் அண்ணன் தம்பி. போல்ட் வெறுமையாக மூடினால் ஸ்பிரிங் தோட்டாவை மேலே தூக்கிக்கொடுப்பதற்குள் போல்ட் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது உள்ளே அழுக்கு இருக்கும். முக்கால்வாசி காலியான பிறகு, கடைசி ஐந்தாறு தோட்டாக்களில் மட்டும் வந்தால் ஸ்பிரிங் மேல்தான் சந்தேகம், ஏனென்றால் அப்போதுதான் அது நீண்டு வலு குறைந்திருக்கும். புது ஸ்பிரிங்கைப் பக்கத்தில் படுக்க வைத்துப் பாருங்கள், பழசு கொஞ்சம் குட்டையாக இருப்பது சகஜம், நன்றாகவே குட்டையாக இருந்தால் மாற்றுங்கள்.

போல்ட் பின்னால் நிற்காததற்குக் கையாலேயே சோதனை உண்டு. காலி மேகசினை மாட்டி, சார்ஜிங் ஹேண்டிலை (போல்டைப் பின்னால் இழுக்கும் கைப்பிடி) முழுக்க இழுத்து விடுங்கள். நிற்கவில்லை என்றால் ஃபாலோயரின் இடதுபக்கம் பின்னால், போல்ட் கேட்சை (போல்டைப் பின்னால் நிறுத்தும் கொக்கி) தூக்குகிற மேடு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கையால் இழுத்தால் நிற்கிறது, சுடும்போது மட்டும் நிற்கவில்லை என்றால் ஸ்பிரிங் வேகம் போதவில்லை அல்லது ரைஃபிளில் வாயு அழுத்தம் குறைவு. எல்லா மேகசினிலும் நிற்கவில்லை என்றால் ரைஃபிள்தான்.

0.22-இல் தோட்டாக்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்கின்றன

இதில் அலுமினியம், பாலிமர் என்கிற பேச்சே இல்லை, தோட்டாவின் வடிவம்தான். 0.22 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பழைய 303 ரைஃபிளின் தோட்டாவுக்கும் அப்படித்தான். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால், போல்ட் மேல் தோட்டாவைத் தள்ளும்போது கீழ் விளிம்பு அதைப் பிடித்து இழுக்கும், நகராது.

கிளப்புக்கு வந்த ஒரு என்.சி.சி. பெண், கல்லூரி முதல் வருஷம், "சார், மூணாவது ரவுண்ட்ல எப்பவும் சிக்குது, மேகசின் மாத்திக் கொடுங்க" என்று கேட்டது. மேகசினைக் கொடுத்து, என் எதிரே நிறைக்கச் சொன்னேன். முதல் தோட்டாவைப் பின்சுவர் வரை தள்ளியது, இரண்டாவதையும் அப்படியே, மூன்றாவதை அவசரத்தில் விளிம்பு பின்னால் மாட்டும்படி செருகியது. விரலை வைத்துக் காட்டினேன்: ஒவ்வொரு புதுத் தோட்டாவின் விளிம்பும் கீழ் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும், மேலே அழுத்தி மெதுவாகப் பின்னால் சரியவிடு, பாதி வழியில் நிறுத்தாதே, நிறைத்த பிறகு பக்கவாட்டுத் துளை வழியாக ஒரு தடவை பார். அன்றைக்கு அதே மேகசினில் வரிசையாக ஐந்தும் ஓடியது.

சி.இசட். கம்பெனியின் 0.22 ரைஃபிள்களில் 5 தோட்டா மேகசின் எஃகிலும் பாலிமரிலும் உண்டு, இரண்டிலும் இந்த ஒழுங்கு வேண்டும். 1964-இல் வந்த ரூகர் 10/22-இன் சுழல் மேகசினில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிப் பள்ளம் இருப்பதால் கொக்கி விழ வழியில்லை. இன்னொன்று, 0.22 குண்டு மேல் மெழுகு பூசியிருப்பார்கள், நம் சித்திரை வெயிலில் அது இளகி மேகசினுக்குள் பிசுக்காகப் படியும். கறுப்பான அந்தப் பிசுக்குதான் ஃபாலோயரைத் தாமதப்படுத்துகிறது, மாதம் ஒரு தடவை கழற்றித் துடைத்தால் போதும்.

மேகசினுக்குள் துரு, வெள்ளைப் பொடி, மண்

சென்னையின் காற்றில் உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் அறைக்குள் துவைத்த துணியே காயாது. அலுமினியம் எஃகைப் போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது, ஆனால் மேல்பூச்சு கீறின இடத்தில், குறிப்பாக எஃகு ஸ்பிரிங் உரசுகிற இடத்தில், உப்பு ஈரம் பட்டால் வெள்ளையாகப் பொடி பூக்கும். அந்தப் பொடி ஃபாலோயருக்கு மணல் காகிதம் மாதிரி. பாலிமருக்கு இந்த நோய் கிடையாது, அங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஆயுத அறையின் கீழ்த்தட்டு வரை தண்ணீர் ஏறியது. கரண்ட் வந்ததும் முதல் வேலையாக உலோக மேகசின்களைப் பிரித்துக் கழுவி ஃபேனுக்குக் கீழே விரித்தோம், அழுக்கும் துருவும் பார்த்தாலே பதறவைத்தது. பாலிமர் மேகசின்கள் வெளியே துடைத்தால் புதுசு மாதிரி இருந்தன, "இதுங்களுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான் கூட இருந்த தம்பி, நானும் சரி என்றேன். அது என் தவறு. பத்து நாள் கழித்துத் திறந்தால் உள்ளே ஸ்பிரிங் எல்லாம் செங்கல் நிறம், சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. உலோக மேகசின்களின் ஸ்பிரிங் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை, பாலிமரில் எல்லாவற்றையும் மாற்றினோம். கூடு பிளாஸ்டிக்காக இருந்தாலும் ஸ்பிரிங் எஃகுதான், நனைந்தால் அன்றைக்கே பிரியுங்கள், நல்ல தண்ணீரில் அலசுங்கள், காயவிடுங்கள்.

அடுத்தது எண்ணெய். மேகசினுக்குள் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் மண்ணை இழுக்கும், தோட்டாவின் பிரைமர் (அடியில் தீப்பற்றும் பகுதி) வரை போய்க் கெடுக்கும். அலுமினிய மேகசின்களுக்கு ஆனோடைஸ் மேல் காய்ந்த மசகுப் பூச்சு ஒன்று ஏற்கெனவே உண்டு. சிந்தித் துணியை (ஆயுதம் துடைக்கும் துண்டுத் துணி) ஒரு குச்சியில் சுற்றி உள்ளே விட்டு உலரத் துடையுங்கள், ஸ்பிரிங்கை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை நீவி, காய்ந்த துணியால் திரும்பத் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு, மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள்.

விழாமலே விரிசல் விட்டது

இரண்டு காரணம் வழக்கமாக இருக்கும். ஒன்று குளிர். நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளின் ஒளி ஊடுருவும் பாலிமர் மேகசின் 1999 கார்கில் சண்டையின் குளிரில் விரிசல் விட்டது வெளியில் வந்த செய்தி, நம் ஆட்களில் பலருக்குப் பாலிமர் மேல் நம்பிக்கை போனது அதிலிருந்துதான். எல்லாப் பாலிமரும் ஒன்றில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கில் செய்த ஏ.கே. மேகசின்கள் பனிப் பிரதேசத்திலேயே பல பத்தாண்டு உழைத்திருக்கின்றன. எந்தப் பிளாஸ்டிக், எவ்வளவு தடிமன், மூலை எப்படி வளைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சென்னையில் குளிர் பிரச்சினை இல்லை, இங்கே இரண்டாவது காரணம்தான்: ரசாயனம். கார்பரேட்டர் கிளீனர், தின்னர், பெட்ரோல் என்று கைக்குக் கிடைத்ததில் பிளாஸ்டிக்கைக் கழுவுகிறார்கள். கொசு விரட்டியில் இருக்கும் டீட் கூடச் சில பிளாஸ்டிக்குகளை, முக்கியமாகக் கண்ணாடி மாதிரித் தெரிகிற பாலிகார்பனேட்டை, மங்கவைத்துப் பொரியவைக்கும். சாயங்காலம் கொசுவுக்குத் தடவிய கையோடு மேகசினை நிறைக்காதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது

எடையைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். பாலிமர்தான் லேசு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், கையில் வாங்கிப் பார்த்தால் அலுமினிய 30 தோட்டா மேகசின் காலியாகச் சுமார் 110 கிராம், பி-மேக் சுமார் 140 கிராம். பிளாஸ்டிக்குக்கு அதே பலம் வர வேண்டுமென்றால் சுவர் தடிக்க வேண்டும், அதனால்தான்.

நான் என்ன செய்வேன் என்று கேட்டால், கரடுமுரடாகக் கையாளுகிற இடத்துக்கு, நிறையப் பேர் கை மாறுகிற இடத்துக்கு நல்ல பாலிமர். நீண்ட நாள் அலமாரியில் நிறைத்து வைக்க வேண்டியதற்கு, இறுக்கமான மேகசின் குழிக்கு, மெல்லிய பவுச்சுக்கு அலுமினியம், சாயாத ஃபாலோயரோடு. லிப் வளைந்த அலுமினியத்தையும் மூலை விரிந்த பாலிமரையும் "பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று டிராயரில் போடாதீர்கள், ஒரு நாள் நல்லதோடு கலந்துவிடும். லிப்பைச் சுத்தியால் நசுக்கிவிட்டுத்தான் ஒதுக்க வேண்டும்.

ஆனால் நம் நாட்டில் அதை அப்படியே குப்பையில் போடவோ பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கவோ கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கான விளக்கத்திலேயே உதிரி பாகமும் வருகிறது, எனவே பதிவேட்டில் எண்ணை எழுதி, உரிமம் பெற்ற டீலர் வழியாகவோ உங்கள் அமைப்பின் முறைப்படியோதான் கழிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் பெட்டியில் இரண்டு மேகசின் கொண்டுவரச் சொல்வதும் கூடாது. அக்கா மகன் போன பொங்கலுக்கு வந்தபோது அந்த 4-ம் எண்ணைக் காட்டக் கொண்டுவரட்டுமா என்று கேட்டான், வேண்டவே வேண்டாம் என்றேன். லிப்பை நசுக்கிவிட்டு ஒரு படம் மட்டும் அனுப்பினான், அதில் அந்தத் தலைமுடிக் கோடு முதுகுவரை பிளந்து கிடந்தது.